பைபர் படகுக்கு கான்கிரீட் நங்கூரம்: எத்தனை கிலோ, எவ்வளவு கயிறு?

நாகமரைக்கரை:
மேட்டூர் தேக்கம், நாகமரைப் பக்கம். 16 அடி பைபர் படகு. பழைய டயருக்குள்ள கான்கிரீட் ஊத்தி 100 கிலோவுல ஒண்ணு இறக்கினா ஆடிக் காத்துக்கு நிக்குமா? தற்காலிக நங்கூரம்னு சொல்லிட்டா அனுமதி வாங்கத் தேவையில்லைதானே?

கல்பட்டறை:
100 கிலோங்கிறது கரையில. தண்ணிக்குள்ள கான்கிரீட் 58 கிலோ, கருங்கல் 62, இரும்பு 87. டயர் ரப்பருக்கு தண்ணியில எடையே கிடையாது, சும்மா இடத்தை அடைக்கும். சரிவுல நிமிர்ந்துட்டா உருளவும் செய்யும்.

60×60×30 செ.மீ. பெட்டி அடிச்சு அதுல கான்கிரீட் ஊத்துங்க. கட்டை 260 கிலோ வரும், தண்ணியில 150. சிமெண்ட் முக்கால் மூட்டை, 1:2:4 (சிமெண்ட், மணல், ஜல்லி) கலவை. அடியில மணலைக் குவிச்சு மேல ஊத்தினா அடிப்பக்கம் குழியா வரும், சேத்துல கவ்விப் பிடிக்கும். சங்கிலி மாட்டுற வளையத்துக்கு 20 மி.மீ. கம்பியை வளைச்சு, கால் ரெண்டையும் உள்ள அகட்டி விடுங்க. நேரா விட்டா உருவிக்கும். கம்பி வெளிய வர்ற இடத்துலதான் முதல்ல துரு அரிக்கும், வருஷா வருஷம் பாருங்க.

தூக்கிட்டுப் போக வேண்டாம். கோடையில தண்ணி வத்தின தரையிலயே ஊத்தி, 10 நாள் ஈரச்சாக்கு போட்டு வைங்க. இடம் மாத்தணும்னா, கட்டை தண்ணிக்குள்ள இருக்கறப்போ காலியான 200 லிட்டர் டிரம் ஒண்ணை இறுக்கிக் கட்டினா மிதக்கும்.

பரிசல்துறை:
கட்டையை விட கயிறுதாங்க முக்கியம். கர்நாடகத்துல திறந்து விட்டா ஒரே நாள்ல பல அடி ஏறும். கயிறு குட்டையா இருந்தா முன்பக்கத்தை அமுக்கி படகையே முழுக்கிடும், காத்தே வேண்டாம். அணை 120 அடி நிறையறப்போ அந்த இடத்துல எவ்வளவு ஆழமோ, அதுல மூணு மடங்கு விடுங்க. அடியில 3 மீட்டர் சங்கிலி, மேல 14 மி.மீ. நைலான். பிளாஸ்டிக் கயிறு மிதந்து மோட்டார் இறக்கையில சுத்தும், வெயில்ல நார்நாராப் போகும். தண்ணி குறையறப்போ தொங்கற கயிறு அலையாம இருக்க, நடுவுல 4 கிலோ கல்லு ஒண்ணு கட்டுங்க. படகு விளிம்புல உரசுற இடத்துக்கு ஓஸ் பைப் மாட்டணும். சங்கிலியை மாட்டுற சாக்கிளோட (U வடிவ இரும்புக் கொண்டி) ஆணியை கம்பியால முறுக்கிக் கட்டலைன்னா தானா கழண்டு போயிடும்.

மேட்டுக்கரை:
260 கிலோ கட்டையை எவன் தற்காலிகம்னு நம்புவான்? தேக்கத்துத் தரை நீர்வளத்துறையோடது. கோடையில தண்ணி இறங்கினா மொட்டையா வெளிய தெரியும். அதுக்கு முன்னாடியே யாரோ ஒருத்தர் வலை அதுல மாட்டிக் கிழியும். எழுதிக் கேட்டு வாங்கிட்டு, மேல சிவப்பு மிதவை கட்டுங்க. வேண்டாம்னா, தினமும் படகுல தூக்கிப் போட்டுக்கற மாதிரி 10 கிலோ கொக்கி நங்கூரம் வாங்குங்க. சேத்துல குத்திப் பிடிக்கிறதுல அது உங்க 100 கிலோ டயரை விட மேல்.