புரொலொக்ல பைல் எழுதுறதா, பைதனுக்கு விட்டுர்றதா?

படுவான்கரைப்_பொடியன்:
கெம்பஸ் கடைசி வருச புரொஜெக்ட். எந்த ஊர்ல ஆர் என்ன நெல் விதைச்சிருக்கு எண்டு சேத்து வைச்சு அடுத்த போகத்துக்கு விதை சொல்ற சின்ன சிஸ்டம், புரொலொக் எண்ட புரோகிராமிங் மொழியில (எஸ்டபிள்யூஐ வேர்ஷன்) செய்றன். தகவலை பைல்ல எழுதணும், மறுகா திறக்கக்குள்ள வாசிக்கணும், இவ்வளவுதான். டெல் போட்டு பைலைத் திறந்து, ரைட் பண்ணி, முற்றுப்புள்ளி போட்டு, டோல்ட் போட்டு மூடினன். வாசிக்க சீ போட்டுத் திறந்து, ரீட் பண்ணி ஒவ்வொண்டா அசேர்ட் பண்ணி புரொலொக்ட நினைவுல சேத்தன். எரர் ஒண்டும் இல்ல. ஆனா இப்ப எந்த ஊரைக் கேட்டாலும் பிஜி 352 நெல் விதைச்சிருக்கு, ஓம் எண்டுது. களுவாஞ்சிகுடி ஓம், ஏறாவூர் ஓம், காத்தான்குடியும் ஓம். ரெண்டு நாளா நித்திரை இல்ல. பைதன் மொழிக்கு மாறட்டா?

கடக்கரை_நானா:
காத்தான்குடியில வயல் எங்க மனே கிடக்கு, வீட்டுக்கும் கடைக்குமே இடம் காணாது 😂 மாறு மாறு, யோசிக்காம மாறு. புரொலொக் 1972ல மார்செய்ல கொல்மெரோவர் ஆக்கள் மனிசர்ர பாஷையை கொம்பியூட்டருக்கு விளங்கப்படுத்த செஞ்சது, கணக்கப்புள்ள வேலைக்கு இல்ல. பைலை பைதன்ல வாசி, பேக்ட்டா, அதாவது புரொலொக்குக்கு விளங்கிற தகவல் வரியா, எழுதிக் குடு, புரொலொக் யோசிக்கிற வேலைய மட்டும் செய்யட்டும்.

வாவிக்கரை_அக்கா:
நானா பொறுங்க, முதல்ல பொடியன்ட பிழையைப் பாப்பம். தம்பி, ஊர்ப் பேரை இங்லிஷ்ல, கெப்பிட்டல் எழுத்துல தொடங்கித்தானே குடுத்த?

படுவான்கரைப்_பொடியன்:
ஓம் அக்கா, வெல்லாவெளியை கெப்பிட்டல் வி போட்டு. ஆனா ஒற்றை மேற்கோளுக்குள்ள வைச்சுத்தான் குடுத்தன்.

வாவிக்கரை_அக்கா:
அங்கதான் கிடக்கு. நீ மேற்கோள் போட்டுக் குடுத்தாலும் ரைட் அதை உரிச்சுப் போட்டுத்தான் பைல்ல எழுதும், ரைட் மனிசர் வாசிக்கிறதுக்கு. திரும்ப ரீட் பண்ணக்குள்ள மேற்கோள் இல்லாம கெப்பிட்டல்ல தொடங்குற சொல் எண்டா புரொலொக்குக்கு அது ஊர் இல்ல, வேரியபிள். வேரியபிள் எண்டா எதோடையும் பொருந்தும், அதான் காத்தான்குடிக்கும் வயல் வந்திச்சு. ரைட்டை எடுத்திட்டு ரைட்கியூ போடு, மேற்கோள் தேவையான இடத்துல அதுவே போடும். இல்லாட்டி போர்ட்ரே_கிளோஸ், அது கடைசி முற்றுப்புள்ளியையும் போட்டு அடுத்த வரிக்கும் போகும்.

இல்லாட்டி ஊர்ப் பேரைத் தமிழ்லயே எழுதன். தமிழ்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து இல்லாததால வெல்லாவெளி எண்டா வெல்லாவெளிதான், வேரியபிள் ஆகாது. கல்லடி வேலூர் மாதிரி நடுவுல இடைவெளி உள்ள பேருக்குத்தான் மேற்கோள் வேணும்.

கல்முனை_கோடர்:
இதுல இன்னொண்டு. ரீட்-அசேர்ட் எண்டு சுத்தாம அந்தப் பைலை கொன்சல்ட் பண்ணி முழுசா ஏத்தியிருந்தா முதல் நாளே சிங்கிள்டன் வேரியபிள் (ஒருக்கா மட்டும் வாற வேரியபிள்) எண்டு வோர்னிங் அடிச்சிருக்கும். ரீட் வாய் திறக்காது, வாறதை வாங்கிக் குடுத்திட்டுப் போகும். அதோட தமிழ்ல எழுதப்போறா எண்டா சீ, டெல் ரெண்டையும் விட்டுரு. அது எடின்பரோ புரொலொக் காலத்துப் பழைய சாமான், 1995ல வந்த ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்ட்ல அதுகள் இல்லவே இல்ல. ஓபன் போட்டா எழுத்துக் குறிமுறை யூடிஎப்-8 எண்டு நீயே சொல்லலாம், சீல அதுக்கு இடமில்ல. பழைய விண்டோஸ் மெஷின்ல ஊர்ப் பேரெல்லாம் கேள்விக்குறியா வந்ததை நான் பாத்திருக்கன்.

கடக்கரை_நானா:
பாருங்க, ஒரு ஊர்ப் பேரை எழுதி வாசிக்க எத்தின சட்டம்! என்ட பிரச்சினை அதுகூட இல்ல கா. புரொலொக்ட முழு அழகுமே பிழைச்சா கிறுகி வந்து வேற வழி பாக்கிறதுதானே. பைலுக்கு அது ஏலாது. எழுதினது எழுதினதுதான், வாசிச்ச இடம் வாசிச்சதுதான். முகத்துவாரத்தை வெட்டி வாவித் தண்ணிய கடலுக்கு விட்டாப் பேந்து, ஐயோ வேற இடத்துல வெட்டியிருக்கலாம் எண்டா தண்ணி திரும்பி வருமா? அந்த மாதிரி வேலைய அந்த மொழிக்குள்ள ஏன் வைச்சிருக்கிற?

வாவிக்கரை_அக்கா:
முகத்துவாரத்தை பைதனால வெட்டினாலும் தண்ணி திரும்பாது நானா 🙂 எழுதுறதை எல்லாத் தேடலும் முடிஞ்ச பேந்து கடைசியா ஒரு இடத்துல வைச்சாச் சரி. நீங்க சொல்ற வழியில ரெண்டு மொழி, ரெண்டு புரோகிராம், நடுவுல ஒரு பைல். பொடியன்ட டேட்டாவே புரொலொக் டேர்ம்தான் (அந்த மொழிட சொந்த வடிவம்), ரீட் ஒரு கோல்ல அதை முழுசா கையில தருது, வெட்டி ஒட்டுற வேலை இல்ல. பைதன்ல அதைப் பிரிச்சு வாசிக்க பார்சர் ஒண்டு எழுதணும்.

கடக்கரை_நானா:
ஆர் டேர்ம்ல எழுதச் சொன்ன? கமா போட்டுப் பிரிக்கிற சிஎஸ்வி பைல்ல வை. எக்செல்ல அவன்ட மாமாவும் திறந்து பாப்பாரு.

கல்முனை_கோடர்:
சிஎஸ்வி வாசிக்க புரொலொக்லயே லைப்ரரி கிடக்கு நானா. ஆனா ஒண்டு, அது இலக்கம் மாதிரித் தெரியிறதை எல்லாம் இலக்கமா மாத்திரும். போன் நம்பர்ட முன் பூச்சியம் போயிரும், அதைத் தடுக்க கொன்வெர்ட் போல்ஸ் எண்டு குடுக்கணும். எக்செல்லும் அதையேதான் செய்யிது, அதுக்கு ஆரும் எக்செல்லை விடச் சொல்ல இல்ல.

படுவான்கரைப்_பொடியன்:
அக்கா ரைட்கியூ போட்டன், சரியா வருது!! காத்தான்குடி இப்ப இல்ல எண்டுது. ஆனா புதுசா ஒராளைச் சேத்திட்டுப் பாத்தா பைல்ல அவர் மட்டும்தான் கிடக்காரு. பழைய 43 பேரையும் காணல்ல.

வாவிக்கரை_அக்கா:
டெல்லாலதானே திரும்பவும் திறந்த? டெல் பைலைத் துடைச்சுப் போட்டுத்தான் எழுதத் தொடங்கும். கடைசியில சேக்க வேணுமெண்டா அப்பெண்ட், இல்லாட்டி ஓபன்ல அப்பெண்ட் மோட். பழைய பைல் கொப்பி ஒண்டும் இல்லையா?

கடக்கரை_நானா:
நான் ஒண்டும் சொல்லல்ல.

கல்முனை_கோடர்:
சொல்லாதீங்க, பைதன்லயும் டபிள்யூ (ரைட்) மோட்ல திறந்தா இதேதான் நடக்கும். தம்பி, ஓபனை செட்டப்_கோல்_கிளீனப்புக்குள்ள வை, நடுவுல பிழைச்சாலும் பைலை மூடிரும். எழுதுறதையும் முதல்ல வேற பேர்ல எழுதி, முழுசா முடிஞ்ச பேந்து பேரை மாத்து, அப்ப பழையது உடனே போகாது.

கடக்கரை_நானா:
சரி, டபிள்யூ மோட் விசயம் ஒத்துக்கிறன். மத்ததெல்லாம் நான் சொன்னது சொன்னதுதான், நாளைக்கு இவன் இத வெப்ல போடக்குள்ள என்னட்டத்தான் வருவான்.

படுவான்கரைப்_பொடியன்:
கொப்பி இல்ல அக்கா. ஆனா மாமாட கணக்குக் கொப்பியில 43 பேர்ட பேரும் ஊரும் பேனையால எழுதிக் கிடக்கு, ராவைக்கு இருந்து திரும்ப அடிக்கிறன். இந்த முறை தமிழ்ல, அப்பெண்ட்ல. கொப்பியில வெல்லாவெளி நாலு விதமா எழுதிக் கிடக்கு, அதுக்கு வேற கேள்வி ஒண்டு போடுவன்.