தரையில் புதைத்த ஜாடியிலிருந்து மூன்று கிண்ணம்

நாசிக்கின் பெரிய ஒயின் ஆலைகளைச் சுற்றிப்பார்த்த அனுபவங்களைப் பலரும் எழுதியிருப்பதால், அதற்கு நேர்மாறாக வீட்டளவில் ஒயின் செய்யும் ஓரிடத்தைப் பற்றிச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்தவன். மகன் ஜார்ஜியா நாட்டின் திபிலிசியில் மருத்துவம் படிக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்த அக்டோபரில், உடன் படிக்கும் உள்ளூர் மாணவன் ஒருவன், ககேத்தி மாநிலத்தில் தெலாவி நகரத்துக்கு அருகே தன் தாத்தா வைத்திருக்கும் திராட்சைத் தோட்டத்துக்கு எங்களை அழைத்துச் சென்றான். கொம்போரி மலைப்பாதையில் ஏறி இறங்கியதும் அலசானி பள்ளத்தாக்கு விரிகிறது. அதற்கு அப்பால் காக்கசஸ் மலைத்தொடர்.

தோட்டம் இரண்டு ஏக்கருக்கும் குறைவுதான். நம் ஊரைப் போலப் பந்தல் கிடையாது. இடுப்பளவு கம்பியில் வரிசையாகப் படரவிட்டிருந்தார்கள். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்த நான்கு மாதத்தில் எங்களுக்குப் பழம் வந்துவிடும் என்றும், ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேலேயே வெட்டுகிறோம் என்றும் நான் சொன்னதைப் பேரன் மொழிபெயர்த்தபோது, பெரியவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் உங்கள் கொடி எப்போது தூங்கும்?" என்று கேட்டார். பனிக்காலம் முழுவதும் இலையுதிர்த்துக் கிடக்கும் கொடிகளை வளர்ப்பவரின் கேள்வி அது. என்னிடம் பதில் இல்லை. பிறகு அவர் சபெராவி என்னும் கறுப்புத் திராட்சை ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். பன்னீர் திராட்சையில் தோல்தான் கறுப்பு, சதை வெளிறியிருக்கும். இதிலோ சதையே சிவப்பு. அந்தக் கறை மறுநாள் வரை கையில் இருந்தது.

ஒயின் தயாரிக்கும் இடத்தை 'மரனி' என்கிறார்கள். உள்ளே நுழைந்தால் பீப்பாயோ எஃகுத் தொட்டியோ இல்லை. தரையில் வட்ட வட்டமாகச் சில வாய்கள் மட்டுமே தெரிகின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் கீழே, 'க்வெவ்ரி' எனப்படும் முட்டை வடிவ மண் ஜாடி கழுத்து வரை புதைந்திருக்கிறது. எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி. விருந்துக்கு வந்த இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது என்பதைப் பேரன்தான் பெருமையாகச் சொன்னான். பெரியவர் அதில் ஆர்வம் காட்டவில்லை.

அப்போதுதான் அறுவடை முடிந்திருந்தது. சாறு, தோல், விதை, முற்றிய காம்பு என எல்லாமே ஒன்றாக ஜாடிக்குள் நொதித்துக்கொண்டிருந்தன. குனிந்து காதைக் கொடுத்தால், மழை பெய்து ஓய்ந்த மண் இரைவது போன்ற மெல்லிய சத்தம் கேட்டது. மேலே திரண்டு மிதக்கும் சக்கையைப் பகலில் பலமுறை நீண்ட கழியால் அமுக்கிவிட வேண்டும். நொதித்தல் அடங்கியதும் மூடியிட்டு, ஈரக் களிமண்ணால் பூசி, வசந்த காலம் வரை விட்டுவிடுகிறார்கள். விதைகள் ஜாடியின் கூர்மையான அடியில் போய்த் தங்க, அவற்றின் மேல் வண்டல் படிந்து மூடிக்கொள்வதால், விதையின் கடுமை ஒயினில் அளவுக்கு மீறி இறங்குவதில்லை. அடிப்பகுதி ஏன் தட்டையாக இல்லை என்ற என் சந்தேகம் அத்துடன் தீர்ந்தது.

முதல் கிண்ணத்தில் வந்தது, ர்கட்சிதெலி என்னும் வெள்ளைத் திராட்சையில் முந்தைய ஆண்டு செய்தது. தோலோடு ஆறு மாதம் கிடந்ததால், பால் சேர்க்காத தேநீரின் நிறத்தில் இருந்தது. உண்மையைச் சொன்னால் முதல் மிடறு எனக்குப் பிடிக்கவில்லை; நெல்லிக்காயைக் கடித்தது போல ஈறெல்லாம் இழுத்துக்கொண்டது. வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காயும், உப்பேறிய பாலாடைக்கட்டியும், அடுப்பின் சுவரில் ஒட்டிச் சுட்ட ரொட்டியும் வந்த பிறகுதான் அந்தத் துவர்ப்புக்கு வேலை என்ன என்பது புரிந்தது. கொழுப்பை அது துடைத்தெடுக்க, அடுத்த வாய்க்கு நாக்கு தயாராகிவிடுகிறது. ஒயினை மட்டும் தனியே ருசித்து மதிப்பெண் போடும் பழக்கம் இதற்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

இரண்டாவது கிண்ணத்தை அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். மோந்தவுடனேயே காடி நெடி மூக்கில் ஏறியது. முதலில் குடித்ததும் இதுவும் ஒரே தோட்டத்துப் பழம், ஒரே நாளில் போட்டது. இரண்டாவது ஜாடியை அந்த ஆண்டு அவசரத்தில் சரியாகக் கழுவவில்லையாம். விருந்தாளிக்குக் கெட்டுப்போனதை ஊற்றிக் காட்டும் வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் அதையும் கொட்டிவிடவில்லை, ஊறுகாய்க்கு வைத்திருக்கிறார்.

பிறகு காலியான ஜாடி ஒன்றைக் கழுவிக் காட்டினார். செர்ரி மரப்பட்டையை அடுக்கிக் கட்டிய வட்டத் தூரிகை, அதற்கு ஆளுயரத்தை மிஞ்சும் கைப்பிடி. தேய்ப்பதும், நீரை இறைப்பதும், மீண்டும் ஊற்றுவதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இறைத்த நீரை ஒவ்வொரு முறையும் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். கடைசிக் குவளையை என் மகனிடம் கொடுத்து முகரச் சொன்னார். ஈர மண்ணைத் தவிர வேறு வாசனை இல்லை என்றான்.

மூன்றாவது கிண்ணம் சபெராவி, மை போல இருந்தது. அங்கே எதையாவது வாழ்த்தாமல் கிண்ணத்தை உயர்த்துவதில்லை. நாட்டுக்கும் இறந்தவர்களுக்கும் முன்பே வாழ்த்திவிட்டோம். பெரியவர் எழுந்து நின்று, கம்பத்தில் தூக்கமில்லாமல் உழைக்கும் கொடிகளுக்காக என்று சொல்லி, அவர்களின் வாழ்த்துச் சொல்லான "கௌமார்ஜோஸ்" என்றார்.