பிரம்பு போனதால் படிப்பும் போனதா?

ஓய்வுவாத்தியார்:
31 வருடம் பாடம் நடத்தியவன் கேட்கிறேன். 2003-ல் தமிழ்நாட்டில் கல்வி விதியைத் திருத்திப் பிரம்பைப் பிடுங்கினார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிக்கவும் கூடாது, மனதை நோகடிக்கவும் கூடாது என்றது. சரி. கடைசி பெஞ்சில் செல்போன் நோண்டுகிறவனை என்னதான் செய்வது? திண்ணைப் பள்ளியில் பிரம்புக்குப் பயந்துதானே எண்சுவடி மனப்பாடம் ஆனது?

கரிசல்காடு:
இல்லை ஐயா, முறை சொல்லித்தான் மனப்பாடம் ஆனது. ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். மணலில் விரல் பிடித்து எழுதப் பழக்கியது பல இடங்களில் சட்டாம்பிள்ளைதான். 1789-ல் எழும்பூர் ராணுவ அநாதை விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். பையனுக்குப் பையனே வாத்தியார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்றது. பெல் பிரம்பைப் பெரிதாக நம்பவில்லை. தப்பு செய்தவன் பேர் கறுப்புப் புத்தகத்தில் ஏறும். வாரம் ஒருமுறை பையன்களே ஜூரியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார்கள்.

ஓய்வுவாத்தியார்:
பெல்லைச் சொன்னவர் லங்காஸ்டரை ஏன் விட்டீர்கள்? அதே காலத்தில் லண்டனில் அதே மாதிரி பள்ளி நடத்தியவர். பிரம்படி கூடாது என்ற குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவுக்காரர்). பதிலுக்குப் பையனைக் கூடையில் போட்டுக் கூரையில் தொங்கவிட்டார், மற்றவர்கள் பார்த்துச் சிரிக்க! கயிற்றில் தொங்கவிடும் நம்ம ஊர்க் கோதண்டமேதான், கூடை மட்டும் கூடுதல். அடி ஐந்து நிமிடத்தில் மறந்துவிடும். அவமானம் மறக்காது.

ரெண்டுபிள்ளைஅம்மா:
ஐந்து நிமிடமா? ஏழாம் வகுப்பில் மேப்பில் கோதாவரியைக் கிருஷ்ணாவுக்குக் கீழே போட்டேன். மர ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி விரல் முட்டியில் நாலு அடி. இப்போது வயது 41. மேப்பைப் பார்த்தால் இன்றும் கை தானாக மடங்கும். (இரண்டு ஆறும் இன்னும் குழம்புகிறது, அது வேறு கதை.)

மணலெழுத்து:
அடியும் வேண்டாம், கூடையும் வேண்டாம். இங்கிலாந்தின் சம்மர்ஹில் பள்ளி 1921-லிருந்து நடக்கிறது. வகுப்புக்கு வருவது பிள்ளையின் இஷ்டம். கட்டுப்பாடே இல்லை என்று நினைக்காதீர்கள், விதிகள் ஏராளம். பள்ளிக் கூட்டத்தில் ஓட்டுப் போட்டு முடிவாகும். வாத்தியாருக்கும் ஒரு ஓட்டு, பொடியனுக்கும் ஒரு ஓட்டு. 1999-ல் அரசு ஆய்வாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். மறுவருடம் வழக்கு பள்ளிக்குச் சாதகமாக முடிந்தது.

ஓய்வுவாத்தியார்:
அங்கே மொத்தப் பள்ளியே நூறு பேருக்குள், அதுவும் பணம் கட்டிப் படிக்கிறவர்கள். எனக்கு ஒரு வகுப்பிலேயே 58. ஓட்டு எண்ணி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

கரிசல்காடு:
அதனால்தான் எழும்பூரைச் சொன்னேன். வாரத்துக்கு ஒருநாள், ஒரு நோட்டு. செலவு அவ்வளவுதான்.

ஓய்வுவாத்தியார்:
நோட்டு வாங்கிவிடலாம் தம்பி. ஆனால் என் வகுப்பில் அது இருந்திருந்தால் முதலில் என் பேர்தான் ஏறியிருக்கும். திங்கட்கிழமை லேட்டாக வந்தது நான்தான்.