கணவர் உடன் இருக்கும்போது டூலாவும் தேவையா?

கேள்வி:
முதல் குழந்தை, எட்டாம் மாதம். பிரசவ அறைக்குள் கணவர் வரப்போகிறார். மருத்துவரும் செவிலியர்களும் இருப்பார்கள். பிறகு டூலா, அதாவது பிரசவத்தின்போது தாயின் கூடவே இருந்து உதவப் பயிற்சி பெற்ற துணையாளர், எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். தன்னை ஓரமாக நிறுத்திவிடுவார்களோ என்று கணவருக்கும் உள்ளூரக் கவலை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், டூலா அங்கே என்னதான் செய்வார்?

பதில் 1:
பிரசவ அறையில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்துவிட்டு டூலாவானவள் நான். செவிலியராக இருந்தபோது ஒருத்தியின் இடுப்பை அழுத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டிலிலிருந்து கூப்பிடுவார்கள். பணிநேரம் முடிந்தால், தலை தெரிகிற நேரமானாலும் இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். டூலாவுக்கு அன்று நீங்கள் ஒருவர்தான். நான் கண்ட பெரிய பலன் இதுதான்.

குழந்தையின் பின்தலை தாயின் முதுகெலும்புப் பக்கம் இருந்தால், வலி பெரும்பாலும் கீழ்முதுகில் இறங்கும். தடவிக்கொடுத்தால் போதாது, உள்ளங்கையின் அடிப்பகுதியை அங்கே வைத்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு வலிக்கும். இடைவெளியில் ஒரு மடக்குத் தண்ணீர், சிறிது நடை. சிறுநீர் கழித்துவர நினைவூட்டுவதும் எங்கள் வேலை. நிரம்பிய சிறுநீர்ப்பை குழந்தை இறங்குவதற்குத் தடையாகலாம். பயம் அதிகமானால் அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோன் சுரந்து, கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்சிடோசின் ஹார்மோனை மட்டுப்படுத்தும். பயந்திருப்பவளிடம் ‘பயப்படாதே’ என்று சொல்லிப் பயனில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று விளக்கினால் முகமே மாறும்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. தொடர்ந்து ஒருவர் துணையிருந்த பெண்களிடையே சிசேரியன் குறைவாகவும் பிரசவ நேரம் சற்றுக் குறுகியதாகவும் இருந்தன. பிரசவத்தைக் கசப்புடன் நினைவுகூர்ந்தவர்களும் குறைவு. பெண் தானே தேர்ந்தெடுக்கும் ஒரு துணை உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் பரிந்துரைத்தது. டூலா இருந்தால் சிசேரியனே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதில் 2:
தந்தையாக என் அனுபவம். எங்கே, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று டூலா என் கையைப் பிடித்துக் காட்டினார். பிறகு அந்த வேலையை என்னிடமே விட்டுவிட்டார். விடியும் நேரத்தில் நான் துவண்டபோது மட்டும் ‘நீங்கள் ஏதாவது சாப்பிட்டு வாருங்கள்’ என்று தான் ஏற்றுக்கொண்டார். யாரும் என்னை ஒதுக்கவில்லை. உங்கள் கணவரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. வலி தாங்கமுடியாமல் நான் எபிடியூரல் (வலி தெரியாமலிருக்க முதுகில் போடும்) ஊசி கேட்டால் டூலா தடுப்பாரா?

பதில் 1:
தடுப்பவர் என்றால் அவர் வேண்டாம், அம்மா. அது உங்கள் முடிவு. ஊசி போட்ட பிறகும் அவருக்கு வேலை இருக்கிறது: கால்கள் கனத்துக் கிடக்கும்போது பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது, முழங்கால்களுக்கு நடுவே நிலக்கடலை வடிவப் பந்தை வைப்பது. உள்பரிசோதனை செய்வதும், குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்ப்பதும், மருந்து பற்றி முடிவெடுப்பதும் அவர் வேலையல்ல. அதற்கெல்லாம் துணிபவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

முதலில் மருத்துவமனையில் கேளுங்கள்: கணவரோடு இன்னொருவரையும் உள்ளே விடுவார்களா, அறுவை அரங்குக்கும் அனுமதி உண்டா? டூலாவிடம் கேட்க வேண்டியது: வலி தொடங்கியதும் வீட்டுக்கே வருவாரா, அதே நாளில் வேறு பிரசவத்தில் இருந்தால் பதிலுக்கு யார் வருவார்? அந்தப் பதிலாளையும் இந்த மாதத்திலேயே நேரில் பார்த்துவிடுங்கள்.