ஓடை: ஓடும் நீரா, நீர் ஓடிய தடமா?

இளவேனில்:
‘ஓடை’ என்னும் சொல் ‘ஓடு’ என்னும் வினையிலிருந்து வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். என்னால் அதை ஏற்க இயலவில்லை. மழைக்காலம் முடிந்தபின் மணல் வரிவரியாகக் காய்ந்து, சொட்டு நீரும் இல்லாமல் கிடக்கும் பள்ளத்தையும் ஓடை என்றுதானே அழைக்கிறோம்? வெள்ளம் நிலத்தை உடைத்துக்கொண்டு போன இடம் என்பதால், ‘உடை’ என்பதே ‘ஓடை’ ஆகியிருக்க வேண்டும். ‘சுடு’ என்பது ‘சூடு’ என நீளவில்லையா?

மருதன்:
நண்பரே, தாங்கள் காட்டிய சான்றே தங்கள் கருத்துக்கு எதிராக நிற்கிறது. சுடு சூடாகும்போதும், விடு வீடாகும்போதும், பெறு பேறாகும்போதும் குறில் தனக்கு இனமான நெடிலாகவே நீள்கிறது. அந்த முறைப்படி உகரம் ஊகாரமாகுமே தவிர ஓகாரம் ஆகாது. பேச்சில் ‘ஒடஞ்சது’ என்கிறோம் என்பீர்கள். அங்கும் ஒலிப்பது குறிலே. மாறாக, கொடு கொடையாவதையும் தடு தடையாவதையும் போல, ‘ஐ’ விகுதி பெற்று ‘ஓடு’ ‘ஓடை’ ஆவது இயல்பாகப் பொருந்துகிறது.

இளவேனில்:
வடிவம் பொருந்தலாம், பொருள் பொருந்த வேண்டாமா? கொடை, தடை என்பவை செயலைக் குறிப்பவை. ஓடை செயலன்று, இடம். நீரையே அது குறித்திருந்தால் ‘நீரோடை’ என்று மீண்டும் நீரைச் சேர்க்க வேண்டிய தேவை என்ன? வருவாய்த்துறைப் பதிவேட்டில் ‘ஓடை புறம்போக்கு’ என்று எழுதப்பட்ட நிலம், நீர் வந்தாலும் வராவிட்டாலும் ஓடையாகவே இருக்கிறது. மலையாளத்தில் ‘ஓட’ என்றால் சாக்கடை. அதுவும் நீர் செல்வதற்கான இடமே.

மருதன்:
இடம் என்பதை நானும் ஒப்புகிறேன். ஆனால் ‘நட’ என்பதிலிருந்து பிறந்த ‘நடை’யைப் பாருங்கள். நடக்கும் செயலும் நடை. வீட்டு வாயிலை அடுத்து நாம் நடந்து செல்லும் இடைகழியும் நடை. கோயிலில் நடை சாத்துகிறார்கள் என்றால், யாருடைய நடையையும் நிறுத்துவதாகப் பொருளில்லை. நடக்குமிடம் நடையானால் ஓடுமிடம் ஓடையாவதில் என்ன தடை? ஆள் இல்லாத நேரத்திலும் நடை நடைதான். நீர் வற்றிய பின்னும் ஓடை ஓடைதான்.

இளவேனில்:
நடை என்னும் சான்றுக்கு என்னிடம் மறுப்பில்லை. ‘உடை’ என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஆயினும் யானையின் நெற்றிப்பட்டத்துக்கும் ஓடை என்றே பெயர். திருமுருகாற்றுப்படையில் ‘வாடா மாலை ஓடையொடு துயல்வர’ என்று வருகிறது. அங்கே ஓடுவது எது?

மருதன்:
சுவரில் விரிசல் ஓடுகிறது, கையில் நரம்பு ஓடுகிறது என்கிறோம். நெற்றியின் குறுக்கே நீண்டு ஓடும் பட்டை என்பதால் அப்பெயர் பெற்றிருக்கலாம்.

இளவேனில்:
‘துயல்வர’ என்றால் அசைய என்று பொருள். புலவர் கண்டது மாலையோடு சேர்ந்து அசையும் அணியை. குறுக்கே நீண்ட கோடு ஒன்றை அன்று. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே இரண்டையும் ஒரே வேரில் கட்டுவதற்கு நான் உடன்படமாட்டேன்.