ஓடு போட்ட பள்ளிக்கூடத்தை இடிச்சாச்சு, புதுசு எப்ப?

ஓலைக்கொட்டான்: 2021 டிசம்பர்ல நெல்லையில பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூணு பிள்ளைக போனப்புறம், மாநிலம் பூரா பழைய பள்ளிக் கட்டடங்களை இடிச்சாக. எங்க ஊர் தொடக்கப்பள்ளியும் போச்சு. அது சரிதான். ஆனா அஞ்சு வகுப்பும் இன்னும் கோயில் மண்டபத்துலதான். முகூர்த்தம்னா பள்ளிக்கூடம் லீவு. யூனியன் ஆபீஸ்ல கேட்டா "நிதி வரலை".

கோட்டையூரான்: நிறுத்துனது யாருன்னும் சொல்லுங்க. பி.எம். ஸ்ரீங்கற ஒன்றிய அரசோட மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்துல தமிழ்நாடு கையெழுத்துப் போடலைன்னு 2024-25க்கான சமக்ர சிக்ஷா (பள்ளிக் கல்வித் திட்டம்) பங்கு 2,152 கோடியை டெல்லி நிறுத்தி வச்சது. டெல்லி 60, மாநிலம் 40ன்னு போடுற திட்டத்துல அந்த 60 வரலைன்னா?

ரஸ்தா: அண்ணே, ஒன்றியப் பள்ளிக் கட்டடம், மாநில அரசோட பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்துலயும் வருதே. 2022-23 பட்ஜெட்ல 5 வருசத்துக்கு 7,000 கோடின்னு சொன்னது மாநில அரசு. நம்ம கட்டடம் எந்தத் திட்டத்துல இருக்கு? நிர்வாக அனுமதியே வரலையா, டெண்டர் விடலையா, விட்டும் காண்ட்ராக்டர் யாரும் எடுக்கலையா? எல்லாத்துக்கும் "நிதி வரலை"ன்னே பதில் சொல்லி அனுப்பிடுறாங்க.

பள்ளத்தூர் ஆச்சி: நீங்க ஃபைலைத் தேடி முடிக்கறதுக்குள்ள பிள்ளைக ஆறாங்கிளாஸ் போயிரும். அழகப்பச் செட்டியார் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாக. இன்னிக்குச் சிங்கப்பூர்ல இருக்க நம்ம நகரத்தார் (செட்டியார்) ஆளுக கும்பாபிஷேகத்துக்கு அள்ளிக் குடுக்கறாக, ரெண்டு வகுப்பறைக்குக் குடுக்க மாட்டாகளா? 'நமக்கு நாமே' திட்டத்துல மூணுல ஒரு பங்கு ஊர் கட்டினா மிச்சம் அரசு போடுது.

ரஸ்தா: ஆச்சி, ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, எல்லாப் பருவத்துக்கும் தாங்குற கட்டடம்னு 2009 கல்வி உரிமைச் சட்ட அட்டவணையிலயே இருக்கு. அது அரசோட கடமை. இளையான்குடிப் பக்கம் நகரத்தார் இல்லாத ஊர் யார்கிட்டப் போய்க் கேக்கும்?

பள்ளத்தூர் ஆச்சி: அதுக்காக எங்க பேரப்பிள்ளைக தூண்ல சாஞ்சு எழுதணுமா? நல்ல நியாயம்!

ஓலைக்கொட்டான்: ஆச்சி, நமக்கு நாமேலயும் அரசோட ரெண்டு பங்கு வரணுமே. ஊர்ப்பணத்தைக் கட்டிட்டு அதுக்கும் "நிதி வரலை"ன்னா என்ன பண்றது? முதல்ல எந்தத் திட்டம், அனுமதித் தேதி என்னன்னு ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை மனு) போடுறேன். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, 30 நாள் கெடு. ஆச்சி வசூலை ஆரம்பிங்க, பதில் வர்ற வரைக்கும் பணத்தைக் கட்டிற வேணாம்.

கோட்டையூரான்: டெல்லிக்கும் ஒண்ணு போடுங்க தம்பி.

ரஸ்தா: அதை நீங்க போடுங்கண்ணே.