பதுளைப் பக்கம் பெரியம்மா வீட்டுச் சுவர் வெடிக்குது, செய்மதியில பார்க்கலாமோ?

கேள்வி (உப்புவெளியான்):
வணக்கம். நான் திருகோணமலை, உப்புவெளியில சின்னதா ஒரு போன் திருத்துற கடை வச்சிருக்கிறன். 77 கலவரத்துக்குப் பிறகு தாத்தா குடும்பம் தோட்டத்தை விட்டு இங்கால வந்தது. பெரியம்மா அப்பவே கலியாணம் கட்டியிருந்தபடியால அங்கேயே நின்றிட்டா. ஹப்புத்தளைக்குக் கீழ, தெற்குப் பார்த்த சரிவில லயத்துக் காம்பிரா (தோட்டத் தொழிலாளர்ட வரிசை வீட்டில ஒரு அறை). ஆடி மாசம் போகேக்க அடுப்படிச் சுவரில ஒரு வெடிப்பு, தீக்குச்சி மட்டும் போகும். இப்ப அஞ்சு ரூபாக் குத்தி குறுக்கால நுழையுதாம். கதவும் இறுகுது.

எங்கட ஊரில சுவர் வெடிச்சா உப்புக் காத்தில கம்பி ஊதிட்டுது என்று சொல்லிப் பூசிவிடுவம். மலை நாட்டு வெடிப்பு எனக்கு விளங்காது. அதிகாரிகளுக்கு எழுதிக் குடுத்த கடிதத்துக்கு இரண்டு மாசமா ஒரு பதிலும் இல்ல. செய்மதித் தரவை இலவசமா எடுத்து வீடு நகருதா என்று மில்லிமீற்றரில பார்க்கலாம் என்று ஒரு வீடியோவில சொன்னாங்கள். கடைக் கொம்பியூட்டரில செய்யேலுமோ?

பதில் (வரைபடக்காரன்):
செய்யலாம். ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல, தம்பி.

வீடியோவில சொன்னது ஐரோப்பாவின்ட சென்டினல்-1 செய்மதியா இருக்கும். அது படம் பிடிக்கிறேல்ல, 5.6 சென்ரிமீற்றர் நீள ரேடார் அலையை அனுப்பித் திரும்பி வாறதை அளக்குது. ஒரு செய்மதி அதே இடத்துக்கு மேலால 12 நாளுக்கு ஒருக்கா வரும். இரண்டு தரம் வந்த அலைகளை ஒப்பிட்டா நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். பல வருசத் தரவைச் சேர்த்தா வருசத்துக்குச் சில மில்லிமீற்றர் நகர்வும் பிடிபடும். கட்டிடமும் பாறையும் இதுக்கு நல்ல சாட்சி. தேயிலைச் செடியும் காடும் உதவாது: இலை அசைய அசையக் கணக்குக் குழம்பும்.

இப்ப உங்கட விசயம். அதின்ட ஒரு புள்ளி தரையில ஏறத்தாழ 5 மீற்றருக்கு 20 மீற்றர். பெரியம்மாவின்ட காம்பிராவும் பக்கத்து இரண்டு மூன்று காம்பிராவும் ஒரே புள்ளிக்குள்ள. வெடிப்பு தெரியவே தெரியாது. இன்னொரு சிக்கல், செய்மதி வடக்குத் தெற்காப் பறந்து பக்கவாட்டில பார்க்குது. அதனால கிழக்கு மேற்கா நகருறதும் மேல கீழ நகருறதும் தெரியும், வடக்குத் தெற்கா நகருறது கிட்டத்தட்டத் தெரியாது. உங்கட சரிவு தெற்குப் பார்த்தது! போதாக்குறைக்கு மழைக்கால ஈரக்காத்தும் நகர்வு மாதிரியே கணக்கில விழும்.

சென்டினல்-1 தரவு 2014 இல இருந்துதான் இருக்கு. பதுளை மாவட்டத்து மீரியபெத்தத் தோட்டத்தில லயங்களை மூடி மலை சரிஞ்சதும் அதே வருசம் ஒக்டோபர் 29. 2025 யூலையில ஏவின நைசார் என்ற அமெரிக்க இந்தியச் செய்மதி 24 சென்ரிமீற்றர் அலையும் பாவிக்குது, அது இலைக்குள்ளால கொஞ்சம் கூடுதலா இறங்கும். ஆனாலும் ஒரு மலை முழுக்க மெல்ல இறங்குதோ என்று பார்க்கத்தான் இதெல்லாம். இண்டைக்கு இரவு சரியுமோ என்று கேட்டா 12 நாளைக்கு ஒருக்கா வாறவனிட்ட என்ன பதில் இருக்கும்?

மழையைப் பாருங்கோ. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின்ட கணக்கு: 24 மணித்தியாலத்தில 75 மில்லிமீற்றர் தாண்டினா விழிப்பு, 100 தாண்டினா ஆயத்தம், 150 என்றால் வெளியேறு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின்ட இலக்கம் 117.

பதில் (மேசன் அண்ணை):
அவர் சொன்னதில பாதி எனக்கு விளங்கேல்ல. ஒரு துண்டுக் கண்ணாடி எடு. வெடிப்புக்குக் குறுக்கால வச்சு இரண்டு நுனியையும் சீமெந்தால ஒட்டு. பூச்சுக்கு மேல ஒட்டாத, பூச்சைக் கொத்திப்போட்டுக் கல்லில ஒட்டு. பக்கத்தில பென்சிலால திகதி எழுது. சுவர் அசைஞ்சா கண்ணாடி வெடிக்கும். அப்பிடியே வீட்டுக்கு மேல் பக்கம் நடந்து பார்க்கச் சொல்லு: நிலத்தில பிளவு இருக்கோ, மரம் சாஞ்சிருக்கோ, புதுசாக் கலங்கல் தண்ணி ஊறுதோ. சுவர் வெடிப்பை விட நிலத்து வெடிப்புத்தான் எனக்குப் பயம். இருந்தா களிமண் போட்டு அடைக்கச் சொல்லு, மழைத்தண்ணி உள்ள இறங்கக் கூடாது.

உப்புவெளியான்:
பெரியம்மாவின்ட பேரன் போன கிழமை கண்ணாடி ஒட்டினவன், பழைய படச்சட்டத்துக் கண்ணாடி. ஒன்பதாம் நாள் காலமை பெரியம்மா போன் எடுத்தா: "தம்பி, கண்ணாடி ரெண்டாப் போயிருச்சு. வேற வச்சிரவா?" மேல தேயிலைக்குள்ள இருபதடி நீளத்துக்கு நிலம் பிளந்திருக்காம். அதைப் பேரன் விரலை விட்டுக் காட்டிப் படம் அனுப்பினவன், முழு விரலும் உள்ள போகுது.

மேசன் அண்ணை:
இனிக் கண்ணாடி வேண்டாம். அந்தப் படத்தைக் கிராம சேவகருக்கு அனுப்பு, 117க்கும் எடு. பெரியம்மாவை இண்டைக்கே கீழ இறக்கு. பக்கத்துக் காம்பிராச் சனத்தையும்.

உப்புவெளியான்:
கடையைப் பூட்டிட்டன். பஸ்சில இருக்கிறன்.